நாற்பதுக்கும் இருபத்தெட்டுக்கும் நடுவில் ஒரு வேம்பு

மரம் வெட்டும் தொழிலில் மரத்தில் ஏறுவது பெரிய கஷ்டமில்லை. ஏற முன்னம் கீழே நின்று விலை சொல்கிறோமே, அதுதான் கஷ்டம். மேசன், தச்சன், மோட்டார் திருத்துகிறவன், பந்தல் போடுகிறவன் என்று விலை சொல்லிப் பிழைக்கிற எல்லாரும் என் கட்சி. உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. நாம் வாயைத் திறந்து ஒரு தொகையைச் சொன்னதும் எதிரே நிற்கிறவரின் முகம் எப்படிச் சுருங்கும் என்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

எனக்கு ஊர் சாம்பல்தீவு. கூட்டாளி ரஃபீக் கிண்ணியாக்காரன். இருபது வருடமாக இரண்டு பேரும் சேர்ந்து திருகோணமலை டவுனிலும் சுற்றுவட்டாரத்திலும் மரவேலை செய்கிறோம். கொப்புக் கழிப்பது, பட்ட மரம் எடுப்பது, கூரைப் பக்கம் சாய்ந்த மரத்தைத் துண்டு துண்டாக இறக்குவது எல்லாம் எங்கள் வேலை. நான் மேலே ஏறி வெட்டுவேன். அவன் கீழே நின்று, நான் வெட்டுகிற கொப்பைக் கயிற்றில் பிடித்து மெல்ல இறக்குவான். அவன் கை வழுக்கினால் யாரோ ஒருவரின் கூரை போகும். இதுவரை போனதில்லை. ஆனால் நான் எழுத வந்தது அவன் கையைப் பற்றி அல்ல, என் வாயைப் பற்றி.

தலைமயிர்க் கணக்கு

உவர்மலையில் ஓய்வுபெற்ற ஒரு பெரிய உத்தியோகத்தர். அவருடைய மாமரத்தில் ஒரு கொப்பு ஓட்டுக்கு மேலே படுத்துக் கிடந்தது. ஆறாயிரம் என்றேன். மனிதர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி மரத்தைப் பார்த்தார். ஒரு கொப்புத்தானே என்றார். ஒரு கொப்புத்தான், ஆனால் அதற்குக் கீழே உங்கள் ஓடு இருக்கிறது, அந்தப் பக்கம் கரண்ட் வயர் போகிறது, நான் விழுந்தால் எனக்கு ஓய்வூதியம் கிடையாது என்றெல்லாம் பொறுமையாகச் சொன்னேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சொன்னார்: “நான் தலைமயிர் வெட்டுறதுக்கு ஐந்நூறு ரூபாதான் குடுக்கிறனான், தம்பி. அதுவும் முழுத் தலைக்கும்.”

நிழல்

டவுனில் ஒரு வீட்டுக்காரப் பெண்மணிக்கும் பக்கத்து வீட்டாருக்கும் பல வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. இடையில் மதிலோடு ஒரு வாகை. கொப்புக் கழிக்க எங்களைக் கூப்பிட்டிருந்தார். எந்தக் கொப்பை எடுப்பது, எதை விடுவது என்று அரை மணித்தியாலம் கையை நீட்டி நீட்டிக் காட்டினார். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. ரஃபீக் பொறுமை இழந்து, உங்களுக்கு என்ன வேணும் என்பதைச் சுருக்கமாகச் சொல்லுங்கோ என்று கேட்டான். அவர் சுருக்கமாகவே சொன்னார்: “நிழல் எங்கட பக்கம் விழோணும், இலை அவையின்ர பக்கம் விழோணும். அதுக்கு எவ்வளவு?”

வாயில் ஒன்று, வயிற்றில் ஒன்று

விலை சொல்கிற எவனிடமும் இரண்டு விலை இருக்கும். வாயில் சொல்வது ஒன்று. வயிற்றுக்குள் வைத்திருப்பது வேறொன்று; இதற்குக் கீழே போனால் கூலியாட்களுக்குக் கொடுத்து, பெற்றோல் அடித்து, கடைசியில் எனக்கு ஒன்றும் மிஞ்சாது என்கிற விலை அது. வாங்குகிறவரிடமும் அப்படியே இரண்டு விலை இருக்கும். இது ஏமாற்று என்று நினைக்காதீர்கள். வயிற்று விலையையே வாய் விலையாகச் சொல்லிப் பார்த்த காலமும் உண்டு. அதிலும் கால்வாசி குறைக்கச் சொல்லி நின்றார்கள். குறைக்காவிட்டால் திமிர் பிடித்தவன் என்றார்கள். ஆகவே குறைப்பதற்கு இடம் வைத்துச் சொல்லப் பழகிக்கொண்டோம்.

இதில் ஒரு முறை இருக்கிறது. போனில் விலை கதைத்து முறிந்தால் இரண்டு பக்கமும் பேசாமல் இருக்கும். கொஞ்ச நேரத்தில் யாராவது ஒருவர் திருப்பி எடுப்பார். வீட்டுக்காரர் எடுத்தால் பேரம் எங்கள் விலைக்குக் கிட்டத்தில் முடியும். நாங்கள் எடுத்தால் அவருடைய விலைக்குக் கிட்டத்தில் முடியும். தொழிலுக்கு வந்த புதிதில் நான் ஐந்து நிமிடம் கூடப் பொறுக்கமாட்டேன், உடனே எடுத்துவிடுவேன். ரஃபீக்தான் அதை நிறுத்தியவன். ஒருநாள் போனை என் கையிலிருந்து பறித்துத் தன் சேர்ட் பைக்குள் போட்டுக்கொண்டு சொன்னான்: “திருப்பி எடுத்தவன் தோத்தான் மச்சான், தெரிஞ்சுக்க.”

சிவபாதம் அண்ணரின் வேம்பு

ஆவணி மாதம் லிங்கநகரிலிருந்து சிவபாதம் அண்ணர் கூப்பிட்டார். துறைமுகக் களஞ்சியத்தில் வேலை பார்த்து ஓய்வெடுத்தவர். வீட்டில் அவரும் மனைவி ராசமலர் அக்காவும்தான். ஒரே மகள் கலியாணம் முடித்துத் தம்பலகாமத்தில் வீடு கட்டிக்கொண்டிருந்தாள். பின்வளவில், விறகடுப்புக் குசினியின் சுவரிலிருந்து பத்தடி தள்ளி ஒரு பெரிய வேம்பு. குசினிப் பக்கம் நன்றாகச் சாய்ந்திருந்தது.

சாய்ந்த மரத்தைக் கண்டால் நான் முதலில் சாய்வுக்கு எதிர்ப்பக்கம் போய் நிலத்தைப் பார்ப்பேன். அந்தப் பக்கத்து வேர்தான் மரத்தை விழாமல் இழுத்துப் பிடித்திருப்பது. அங்கே போய்க் குனிந்து பார்த்தேன். இரண்டு வருடத்துக்கு முன் மலசலகூடக் குழி வெட்டியிருக்கிறார்கள். குறுக்கே வந்த வேர்களை, ஒவ்வொன்றும் தொடைத் தடிப்பு, கோடாலியால் தறித்திருக்கிறார்கள். மாரிக்கு முன்னம் இதை எடுத்துப் போடுங்கோ என்று சொன்னேன். ராசமலர் அக்கா தேத்தண்ணி கொண்டுவந்து தந்துவிட்டு, உண்மையாகவே விழுமா என்று கேட்டார். நாள் சொல்ல ஏலாது, ஆனால் நிலம் ஊறி ஒரு பெரிய காற்று அடித்தால் நிற்காது என்றேன்.

அப்படியே தறித்து விழுத்த இடமில்லை. ஒரு பக்கம் குசினி, மறுபக்கம் அடுத்த வீட்டுக் கூரை. கொப்புக் கொப்பாகக் கயிற்றில் இறக்க வேண்டும். நாலு பேருக்கு இரண்டு நாள் வேலை. ஆனால் அடிமரம் நல்ல நேர். மரம் வாங்கி அரிகிற மரக்காலையில் கொடுத்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பார்கள். ஆகவே அடிமரத்தை எங்களுக்குத் தந்தால் கூலி பதினெட்டாயிரம், நீங்கள் வைத்துக்கொண்டால் நாற்பதாயிரம் என்று சொன்னேன். எங்கள் தொழிலில் இது வழமைதான். சிவபாதம் அண்ணருக்கு இது விளங்கவேயில்லை. மகளின் வீட்டுக்குக் கதவும் யன்னலும் அந்த வேம்பில்தான் செய்ய வேண்டும் என்பது அவருடைய ஆசை. அதற்காக நான் இருபத்தீராயிரம் தண்டம் போடுவதாக அவர் நினைத்துவிட்டார். களஞ்சியத்தில் ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு விலை எழுதி வைத்துப் பழகிய மனிதர். மரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “மரம் ஒண்டு, கயிறு ஒண்டு, ஏறுற ஆளும் ஒண்டு. விலை மட்டும் ரெண்டோ?”

அறிவித்தல்

கார்த்திகையில் புயல் வரப்போகிறது என்று ரேடியோவில் சொல்லத் தொடங்கியதும் என் போன் ஓயவில்லை. பத்து வருடமாக மேலே நிமிர்ந்து பார்க்காதவர்களெல்லாம் மரத்தைப் பார்த்துவிட்டார்கள். இரண்டு நாள் சோறு தண்ணி இல்லாமல் ஓடினோம். யாருக்கும் ஒரு சதம் கூட்டிக் கேட்கவில்லை. அதில் எனக்குப் பெருமை இருந்தது, மறைக்க என்ன இருக்கிறது.

புயலுக்கு முதல் நாள் காலை பத்து மணிபோல் சிவபாதம் அண்ணர் எடுத்தார். குரல் இறங்கியிருந்தது. அடிமரமும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், வந்து எடுங்கோ, அந்தப் பதினெட்டைத் தாறன் என்றார். மகள் வீட்டுக் கதவை அவர் விட்டுக்கொடுத்துவிட்டார் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. என் தலைக்குள் வேறு கணக்கு ஓடியது. மரக்காலைக்குப் போகிற தம்பலகாமத்து ரோட்டில் வெள்ளம் ஏறிவிட்டது, மரக்காலை பூட்டு, லொறிக்காரன் தலைகீழாக நின்றாலும் வரமாட்டேன் என்கிறான். அடிமரம் அவருடைய வளவிலேயேதான் கிடக்கப்போகிறது. மரத்தில் எங்களுக்கு வருமானமில்லை என்றால் கூலி நாற்பதுதான்.

இதையெல்லாம் சொன்னேன். சரியாகத்தான் சொன்னேன். ஆனால் அவர் காதில் விழுந்தது, ஆவணியில் பதினெட்டாக இருந்தது கார்த்திகையில் நாற்பதாகிவிட்டது என்பது மட்டுந்தான். பிறகு சொன்னார்: “புயல் வர முன்னமே புயல் விலை வந்திட்டுது போல, தம்பி.” போனை வைத்துவிட்டார்.

அரை மணித்தியாலம்

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஊர் முழுக்கப் பழைய விலைக்குச் செய்துகொண்டு திரிகிறவனைப் பார்த்து இப்படி ஒரு கதை. அப்போது நாங்கள் சாம்பல்தீவில் ஒரு வீட்டுத் தென்னை முடித்துவிட்டு ரோட்டோரம் நின்றோம். மழை தூறிக்கொண்டிருந்தது. என் வயிற்றுக்குள் இருந்த விலை இருபத்தெட்டு. அவர் முப்பது என்று சொல்லியிருந்தால் கயிற்றைத் தூக்கிக்கொண்டு பறந்திருப்பேன். முழு மரத்தையும் எடுக்க நேரமில்லைதான். ஆனால் பொழுது படுவதற்குள் தலைப்பாரத்தை இறக்கியிருக்கலாம். தலையில் பாரமில்லாத மரத்தைக் காற்றுக்குப் பிடிக்க ஏலாது.

அதையும் யோசித்தேன் என்பதுதான் உண்மை. அவர் பெயரைப் போனில் எடுத்துப் பார்த்தேன். அமத்தவில்லை. மத்தியானம் ஒருதரம், பின்னேரம் ஒருதரம், மூன்றுதரம் எடுத்துப் பார்த்து மூன்றுதரமும் பைக்குள் வைத்தேன். இடையில் வேறு வீடுகளிலிருந்து அழைப்பு வந்தது, போனோம். காலையில் முதல்தரம் போனைக் கையில் எடுத்தபோது ரஃபீக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே சொன்னான்: “விடு மச்சான். அரை மணித்தியாலத்தில அந்தாளு தானா எடுப்பாரு.”

மலிவு

காற்று விடியப்புறம் தொடங்கி மத்தியானம் ஓய்ந்தது. அதைப் பற்றி நான் எழுதத் தேவையில்லை, அனுபவித்தவர்களுக்குத் தெரியும். என் கூரையில் இரண்டு தகரச் சீற் போனது. கரண்ட் இல்லை, போன் இல்லை, டவுனுக்குப் போகிற ரோட்டில் தண்ணீர். கிண்ணியாவுக்குத் திரும்ப முடியாமல் ரஃபீக்கும் என் வீட்டில்தான் இருந்தான். முதல் இரண்டு நாளும் ஊர்ச் சனத்தோடு சேர்ந்து ரோட்டில் கிடந்த மரங்களை வெட்டினோம். அதற்கு யாரிடமும் விலை சொல்லவில்லை. இருபது வருடத்தில் விலை சொல்லாமல் செய்த வேலை அதுதான்.

மூன்றாம் நாள் தண்ணீர் கொஞ்சம் வற்றியதும் வெளியூரிலிருந்து லொறிகளில் ஆட்கள் வந்து இறங்கினார்கள். கூரைக்கு மேலே ஒரு மரம் கிடந்தால் ஒன்றரை லட்சம். சனம் மூக்கால் அழுதுகொண்டு கொடுத்தது. எங்கள் விலையை நாங்கள் கூட்டவில்லை. நிலாவெளிப் பக்கம் விருந்தினர் விடுதி வைத்திருக்கிற ஒருவர் எங்களைக் கூப்பிட்டுக் காட்டினார். கூரையில் இரண்டு தென்னை. முப்பத்தைந்தாயிரம் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார், ரஃபீக்கைப் பார்த்தார், கீழே கிடந்த மெசின் வாளைப் பார்த்தார். பிறகு வேறு ஆட்களிடம் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். திரும்பி நடக்கும்போது அவர் தன் மனைவியிடம் சொன்னது எங்கள் காதிலும் விழுந்தது: “இவ்வளவு குறைவாச் சொல்லுறாங்களெண்டால் அந்த மெசின் களவெடுத்ததாத்தான் இருக்கும்.”

ரஃபீக் சிரித்தான். நானும் சிரித்தேன். அந்த நாட்களில் வேம்பு எனக்கு ஞாபகம் வரவில்லையா என்று கேட்பீர்கள். வந்தது, ஒவ்வொரு நாளும் வந்தது. லிங்கநகர்ப் பக்கம் காற்று குறைவாக இருந்திருக்கும், வேம்பு லேசில் விழாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ரோடு நாலாம் நாள் திறந்தது. நான் போனது ஆறாம் நாள். பயந்துதான் போகாமல் இருந்தேன்.

எட்டுக்கு முதல்

லிங்கநகர் ஒழுங்கைக்குள் திரும்பியதும் சாவீட்டு வெள்ளைக் கொடி கட்டியிருந்தது. மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டேன். ரஃபீக் இறங்கி முன்னால் நடந்தான், நான் அவனுக்குப் பின்னால் போனேன்.

வேம்பு குசினியின் மேலே கிடந்தது. நான் சொன்ன பக்கம்தான் விழுந்திருந்தது, அதில் ஒரு பிழையுமில்லை. புயல் அடித்த காலையில் ராசமலர் அக்காவுக்குக் குளிர் பிடித்து நடுங்கியிருக்கிறது. காஸ் முடிந்திருந்ததால் அந்தக் குசினியில் விறகு மூட்டிச் சுடுதண்ணி வைக்கப் போயிருக்கிறார் சிவபாதம் அண்ணர். அயலவர்கள் கோடாலியால் கொப்புகளைத் தறித்து அவரை வெளியே எடுக்க மூன்று மணித்தியாலம் ஆகியிருக்கிறது. அப்போது உயிர் இல்லை.

அக்கா முன்விறாந்தையில் பாயில் இருந்தார். என்னைக் கண்டதும் ஏசுவார் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நாளன்றைக்கு அவருடைய எட்டாம் நாள், எட்டுச் செலவு, சொந்தக்காரர் வருவார்கள், அதற்கு முதல் குசினிப் பக்கத்தைத் துப்புரவாக்கித் தாங்கோ என்று சொன்னார். உங்களுக்குச் சொல்லி அனுப்பத்தான் ஆள் தேடினேன், அவர் உங்களைத்தான் நல்ல வேலைக்காரன் என்று சொல்லுவார் என்றும் சொன்னார். நான் பின்னால் போய் மெசின் வாளை இயக்கினேன்.

காலையிலிருந்து பொழுதுபடும் மட்டும் வெட்டினோம். ஏறத் தேவையில்லை, நிலத்தில் நின்றே வெட்டலாம், அவ்வளவு லேசான வேலை. அடிமரம் சுவரில் அடிபட்டு நெடுக வெடித்திருந்தது. ஒரு கதவுக்குக்கூடத் தேறாது. கடைசித் துண்டை மதிலோரம் உருட்டி வைத்துவிட்டு முகம் கழுவினோம்.

மகள் தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தாள். அக்கா கூலி எவ்வளவு என்று கேட்டார். வேண்டாம் அக்கா என்றேன். அவர் வற்புறுத்தவில்லை. சற்று நேரம் வளவைப் பார்த்துக்கொண்டிருந்தார். மரம் நின்ற இடத்தில் வெளிச்சம் கூடிப் போயிருந்தது. பிறகு என்னைப் பார்த்து, அன்றைக்கு நாற்பது என்று சொன்னீர்களாம், எவ்வளவு மட்டும் இறங்கியிருப்பீர்கள் என்று கேட்டார்.

நாற்பதுதான் என்று சொல்லியிருக்கலாம். அவருக்கும் அது ஆறுதலாக இருந்திருக்கும், எனக்கும் தலை நிமிர்ந்திருக்கும். வாயில் வேறு விலை வரவில்லை. இருபத்தெட்டு என்றேன்.

அக்கா தலையை மெல்ல ஆட்டினார். அழவில்லை. அவர் சொன்னதை ஒரு சொல்லும் மாற்றாமல் எழுதுகிறேன்: “அவர் முப்பது எண்டு நினைச்சுக் காசை எடுத்து வச்சிருந்தவர், தம்பி. நான் போன் எடுத்துக் கேளுங்கோ எண்டனான். இல்லை, அவன் இப்ப எடுப்பான் எண்டு சொல்லிப் பொழுதுபடு மட்டும் போனைக் கையிலயே வச்சுக்கொண்டு இருந்தவர்.”

இப்போது நான் வயிற்று விலையைத்தான் முதல் விலையாகவே சொல்கிறேன், அதிலும் எவ்வளவு குறைப்பீர்கள் என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள்.